அமைப்பும் ஒரு வாக்கியமே: ஈமாக்ஸ் தொகுப்பியில் சிறு லிஸ்ப் கட்டளைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் தமிழில் தட்டெழுதிக் கொடுக்கும் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் கோயில் அறிக்கைகள் குவியும். பிறகு தமிழ்ப்பள்ளி விழா மலர்கள் வரும். இடையிடையே நினைவஞ்சலி அறிவிப்புகளும், ரப்பராகிய பால்மரம் அழிந்து செம்பனையாகிவிட்ட தோட்டங்களின் பழைய குடும்பங்கள் ஒன்றுகூடி வெளியிடும் வரலாற்று மலர்களும் வந்துகொண்டிருக்கும். இவற்றையெல்லாம் பக்க வடிவமைப்புக்கு அனுப்புவதற்கு முன் நான் ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பியில்தான் திருத்துகிறேன். அந்தப் பழக்கத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு இடையூறு என்னை மிகவும் அலைக்கழித்தது. வாக்கியத்தின் முடிவுக்குத் தாவுவதற்கென்று ஈமாக்ஸில் ஒரு விசை உண்டு; ஆல்ட் விசையோடு ஈ எழுத்தைச் சேர்த்து அழுத்த வேண்டும். தமிழ்ப் பத்தி ஒன்றில் அதை அழுத்தினால் இடஞ்சுட்டி அடுத்த முற்றுப்புள்ளியில் நிற்காமல், நான்கைந்து வாக்கியங்களைக் கடந்து பத்தியின் கடைசியில் போய் நின்றது.

காரணத்தைத் தேடியபோது அது தமிழ் தொடர்பான கோளாறே இல்லை என்று தெரிந்தது. பழைய அமெரிக்கத் தட்டச்சு மரபில் முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடுவார்கள். ஒரே இடைவெளி இருந்தால் அது பெயரின் முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளியாகவோ சுருக்கக் குறியாகவோ இருக்கலாம் என்று ஈமாக்ஸ் எடுத்துக்கொள்கிறது. அந்த மரபு இன்றும் ஈமாக்ஸின் இயல்பு அமைப்பாக நீடிக்கிறது. இதன் விளைவு தாவும் விசையோடு நிற்பதில்லை. பத்தியை அகலத்துக்கு ஏற்ப மடிக்கும்போதும் ஒற்றை இடைவெளி கொண்ட முற்றுப்புள்ளியை அடுத்து வரியை முறிக்க ஈமாக்ஸ் மறுக்கிறது. இதை மாற்ற ஒரே ஒரு வரி போதும். ஈமாக்ஸின் அமைப்புகளை எழுதும் லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும் என்றாலும், இந்தக் கட்டுரையில் அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன்:

(செட்க்யூ சென்டன்ஸ்-எண்ட்-டபுள்-ஸ்பேஸ் நில்)

இந்த வரியை, ஈமாக்ஸ் திறக்கும்போதெல்லாம் படிக்கும் தொடக்கக் கோப்பில் எழுதிய நாளிலிருந்து வாக்கிய விசை தமிழுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் இந்தக் கட்டுரைக்குப் பொருளாவது அந்தத் தீர்வு வந்த வடிவம். பெரும்பாலான மென்பொருள்களில் அமைப்பு என்றால் ஒரு கட்டத்தில் இடும் சரிக்குறி. அதை உருவாக்கியவர் எதை எதையெல்லாம் நாம் மாற்ற விரும்பலாம் என்று முன்கூட்டி எண்ணினாரோ, அத்தனை கட்டங்கள்தாம் அங்கே இருக்கும். ஈமாக்ஸில் அமைப்பு என்பது ஒரு முழு மொழியில் எழுதப்படும் வாக்கியம். ஒரு மதிப்பை மாற்றும் அதே மொழியில் புதியதொரு செயலையும் எழுதிவிடலாம். தமிழில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஏனெனில் நம்முடைய தேவைகளில் பலவற்றை எந்த மென்பொருள் நிறுவனமும் முன்கூட்டி எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த வடிவம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லிஸ்ப் மொழியை 1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கினார். இன்றும் புழக்கத்தில் உள்ள உயர்நிலை நிரல்மொழிகளில் அதைவிட மூத்தது ஃபோர்ட்ரான் ஒன்றே. 1960இல் வெளியான தம் ஆய்வுரையில் மெக்கார்த்தி, லிஸ்ப் வாக்கியத்தை மதிப்பிடும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்றை லிஸ்பிலேயே எழுதிக் காட்டியிருந்தார். அது கோட்பாட்டு விளக்கத்துக்காக எழுதப்பட்டது. ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவர் அதையே ஐபிஎம் 704 கணினிக்குரிய இயந்திர மொழியில் எழுதிவிட, தாளில் இருந்த விளக்கம் ஓடும் கருவியாகிவிட்டது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே மதிப்பிட்டு விடை தரும் அந்தப் பண்பு இன்றுவரை லிஸ்பின் உயிர்நாடியாக இருக்கிறது.

ஈமாக்ஸ் வேறு வழியில் பிறந்தது. 1976இல் அதே கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் மற்றவர்களும் சேர்ந்து, டெக்கோ என்னும் பழைய தொகுப்பியின் மேல் எழுதப்பட்ட குறுங்கட்டளைகளின் தொகுதியாக அதை அமைத்தார்கள். டெக்கோவின் கட்டளை மொழி, குறியீடுகளை வரிசையாக வாரி இறைத்ததுபோல் இருக்கும். எழுதியவரே மறுவாரம் படித்துப் புரிந்துகொள்வது கடினம். 1978இல் பெர்னார்ட் கிரீன்பெர்க், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அந்த முயற்சியைப் பற்றி ஸ்டால்மன் பிற்காலத்தில் ஓர் உரையில் சொன்ன செய்தி என் மனத்தை விட்டு அகலாதது. கிரீன்பெர்க்கின் அலுவலகத்தில் பணிபுரிந்த செயலாளர்கள் தங்கள் வேலைக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதத் தொடங்கினார்களாம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கையேடு, தொகுப்பியை எப்படி விரிவாக்குவது என்று விளக்கியதே தவிர, அதற்கு நிரலாக்கம் என்று பெயர் என எங்கும் சொல்லவில்லை. தங்களால் நிரல் எழுத முடியாது என்று நம்பியிருந்தவர்கள், தாங்கள் செய்வது நிரலாக்கம் என்று அறியாததால், அஞ்சாமல் கற்றுக்கொண்டார்கள்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் செயலாளர்களின் நிலை புதியதாகத் தோன்றாது. எங்கள் தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் என்னும் எழுத்தர்கள் வைத்திருந்த பேரேடுகளை நினைத்துப் பார்க்கிறேன். விடியலில் தொழிலாளர்கள் வருகைப் பதிவுக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் கூப்பிட்ட பெயர்களையும், எடை போட்ட ரப்பர் பாலையும், உறைந்துபோன ஒட்டுப்பாலையும், அன்றைய கூலியையும் பதிவதற்கு ஒவ்வொருவரும் தமக்கென்று குறிகளும் கட்டங்களும் சுருக்கங்களும் வகுத்துக்கொண்டார்கள். மேலிடம் கொடுத்த படிவத்தில் இல்லாத ஒரு நெடுக்குக் கட்டத்தைச் சிவப்பு மையால் கோடிழுத்துச் சேர்ப்பது அவர்களுக்கு இயல்பான செயல். தம் கருவியைத் தம் வேலைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் அந்த உரிமையைத்தான் கணினித் திரைக்கு வந்தபோது நம்மில் பலர் கைவிட்டுவிட்டோம் என்று கருதுகிறேன்.

மல்டிக்ஸ் ஈமாக்ஸுக்குப் பின் 1981இல் ஜேம்ஸ் கோஸ்லிங், யூனிக்ஸ் கணினிகளுக்காக சி மொழியில் ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அதற்குள் மாக்லிஸ்ப் என்றொரு விரிவாக்க மொழி இருந்தது. தோற்றத்தில் லிஸ்பை ஒத்திருந்தாலும் லிஸ்பின் அடிப்படையான பட்டியல் என்னும் தரவு வடிவமே அதில் இல்லை. 1984இல் ஸ்டால்மன், இன்று நாம் பயன்படுத்தும் க்னூ ஈமாக்ஸை எழுதத் தொடங்கியபோது அந்தக் குறையைத் தவிர்த்தார். அடித்தளம் சி மொழியிலும், அதற்கு மேலுள்ள பெரும்பகுதி உண்மையான லிஸ்ப் மொழியிலும் அமைந்தன. 1985இல் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வெளியானது. ஆக, நாம் தொடக்கக் கோப்பில் எழுதும் ஒரு வரியும், ஈமாக்ஸை ஆக்கியவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளும் ஒரே மொழியில் ஒரே தகுதியோடு நிற்கின்றன. பயனருக்கென்று ஒதுக்கப்பட்ட தனிப் புறவாசல் எதுவும் அங்கே இல்லை.

இனி அந்த மொழியின் இலக்கணத்தைப் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது வினை. அதன் பின் வருபவை அந்த வினைக்கு வேண்டிய பொருள்கள். வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் எத்தனை வினைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாலும் இந்த ஒரே விதி மாறாமல் நிற்பதால், பழகிய பின் படிப்பது எளிது. முன்பு காட்டிய வரியில் செட்க்யூ என்பது மதிப்பை வைக்கும் வினை. நடுவில் உள்ள நீண்ட சொல், மாறியின், அதாவது அந்த மதிப்பைத் தாங்கும் இடத்தின், பெயர். நில் என்பது இல்லை என்னும் மதிப்பு. ஆம் என்பதற்கு டி என்ற ஒற்றை எழுத்தை எழுதுவார்கள்.

புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் மேற்கோள் குறி. லிஸ்பில் ஒரு பெயரை வெறுமனே எழுதினால் அதன் மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும். பெயருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் அந்தப் பெயரே பொருளாகும். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதை விளக்குவது மிக எளிது. மரம் சாய்ந்தது என்று சொல்லும்போது நிலத்தில் நின்ற மரத்தைச் சொல்கிறோம். மரம் என்பது மூன்றெழுத்துச் சொல் என்னும்போது சொல்லையே சொல்கிறோம். நாம் என்பது என்ற சொல்லால் காட்டும் வேறுபாட்டை லிஸ்ப் ஒரு சிறு குறியால் காட்டுகிறது. பள்ளி மாணவர்கள் சிலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, ஆங்கில விளக்கங்கள் பல பக்கங்களில் சொன்னதை இந்த ஓர் எடுத்துக்காட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த தடுமாற்றம் செட்க்யூ என்னும் வினையிலேயே ஒளிந்திருக்கிறது. பத்தியை மடிக்கும் அகலத்தைக் குறிப்பது ஃபில்-காலம் என்னும் மாறி. அதன் இயல்பு மதிப்பு 70. இதை 80 ஆக்க விரும்பி ஒருவர் தொடக்கக் கோப்பில் செட்க்யூ என்று எழுதினால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. எந்த மாற்றமும் நிகழாது. ஈமாக்ஸ் திறந்து வைத்திருக்கும் ஒவ்வோர் உரையும் ஒரு பஃபரில் இருக்கிறது. சில மாறிகள் அந்தந்தப் பஃபருக்கு உரியவை. அவற்றுக்கு மதிப்பு வைத்தால் அப்போது நடப்பிலிருக்கும் பஃபரில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். தொடக்கக் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் நடப்பிலிருக்கும் பஃபர், நாம் பின்னர் திறக்கப் போகும் மலர்க் கோப்பு ஆகாது. எனவே எல்லாப் பஃபர்களுக்கும் பொதுவான மதிப்பை மாற்ற இப்படி எழுத வேண்டும்:

(செட்க்யூ-டிஃபால்ட் ஃபில்-காலம் 80)

இன்னொரு வகை மாறியும் உண்டு. அதன் மதிப்பு மாறும்போது கூடவே ஒரு செயற்கூறும் ஓட வேண்டியிருக்கும். வெறுமனே மதிப்பை மட்டும் மாற்றினால் திரையில் ஒன்றும் நடக்காது. இத்தகைய மாறிகளின் விளக்கக் குறிப்பிலேயே, நேரடியாக மதிப்பு வைத்தால் பயனில்லை என்று எழுதப்பட்டிருக்கும். 2023இல் வெளியான 29ஆம் பதிப்பில் செட்ஆப்ட் என்னும் புதிய வினை சேர்க்கப்பட்டது. அது, மாறிக்கென்று வகுக்கப்பட்ட செயற்கூறு இருந்தால் அதையும் ஓட்டிவிடும். பழைய விளக்கங்களைப் பார்த்து எழுதுவோர் இந்த வினையை அறியாமல் இருப்பதுண்டு. புதிதாகத் தொடங்குபவர் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. எந்த மாறியாக இருந்தாலும் கன்ட்ரோல்-ஹெச், பிறகு வி என்று அழுத்தி அதன் பெயரைக் கொடுத்தால், அதன் பொருளும் இப்போதைய மதிப்பும் பஃபருக்கு உரியதா என்ற குறிப்பும் திரைக்கு வந்துவிடும். ஊகித்து எழுதுவதைவிட அதைப் படித்துவிட்டு எழுதுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மதிப்பை மாற்றுவதிலிருந்து செயலை எழுதுவதற்குச் செல்வோம். எனக்கு வரும் கையெழுத்துப் படிகளில் பல, மின்னஞ்சலில் ஒவ்வொரு வரியும் முறிக்கப்பட்ட நிலையில் வருகின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு அனுப்பும் முன் ஒரு பத்தி முழுவதும் ஒரே நீண்ட வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சில் வரிகள் பாதியில் அறுந்து நிற்கும். ஈமாக்ஸில் பத்தியை மடிக்கும் கட்டளை உண்டு. மடிப்பை எடுக்கும் கட்டளை இயல்பாக இல்லை. ஆனால் அகலத்தை அளவிறந்ததாக வைத்து மடித்தால் மடிப்பே விழாதல்லவா? அந்த எண்ணத்தை அப்படியே எழுதலாம்:

(டிஃபன் பத்தி-ஒட்டு ()
  (இன்டராக்டிவ்)
  (லெட் ((ஃபில்-காலம் மோஸ்ட்-பாசிட்டிவ்-ஃபிக்ஸ்நம்))
    (ஃபில்-பாராகிராஃப் நில்)))

டிஃபன் என்பது புதிய செயற்கூற்றை வரையறுக்கும் வினை. அதை அடுத்து வரும் பத்தி-ஒட்டு என்பது நான் வைத்த பெயர். இந்தப் பெயர் கணினியிலும் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது, ஏனெனில் ஈமாக்ஸ் லிஸ்ப் எந்த மொழியின் எழுத்தையும் பெயராக ஏற்கிறது. இன்டராக்டிவ் என்னும் வரி இருந்தால்தான் அந்தச் செயற்கூற்றை விசையாலோ பெயராலோ நாம் நேரடியாக அழைக்க முடியும். அதை விட்டுவிட்டு, கட்டளை ஏன் பட்டியலில் வரவில்லை என்று தேடாதவர் குறைவு. லெட் என்பது மதிப்பைத் தற்காலிகமாக மாற்றும் வினை. அந்த அடைப்புக்குள் இருக்கும் வரை அகலம், 64 பிட் கணினியில், 19 இலக்கங்கள் கொண்ட மிகப்பெரிய எண்ணாக இருக்கும். அடைப்பு முடிந்ததும் 80க்குத் திரும்பிவிடும். நடுவில் பிழை நேர்ந்து வேலை நின்றாலும் பழைய மதிப்பு மீண்டுவிடும்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்தியை மடிக்கும் கட்டளையை எழுதியவர், மடிப்பை எடுப்பதற்கும் அது பயன்படும் என்று எதையும் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் அவர் அகலத்தைப் பெயருள்ள மாறியாக வைத்தார். அந்தப் பெயர் நமக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. ஒரு செயற்கூறு தன்னை அழைத்தவர் தற்காலிகமாக வைத்த மதிப்பையும் மதித்து நடக்கும் இந்த ஏற்பாட்டை இயங்குநிலைப் பிணைப்பு என்பார்கள். நிரலியலாளர் பலர் அதைக் குழப்பத்துக்கு இடமானது என்று கருதுகிறார்கள். அந்தக் கருத்தில் உண்மையும் உண்டு. 2012இல் வந்த 24ஆம் பதிப்பு முதல், கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பை எழுதினால் நம்முடைய சொந்த மாறிகளுக்கு அந்தந்த அடைப்புக்குள் மட்டுமே எல்லை வகுக்கும் முறையும் கிடைத்தது. ஆயினும் ஃபில்-காலம் போன்ற அமைப்பு மாறிகள் இன்றும் இயங்குநிலைப் பிணைப்பிலேயே இருக்கின்றன. உரைத் தொகுப்பிக்கு அதுவே பொருத்தம் என்று நான் நம்புகிறேன்.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். யூனிகோடு தரத்தில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரையிலான எண்கள். அதில் அகரமேறிய உயிர்மெய்தான் அடிப்படை எழுத்து. க என்பது 2965ஆம் எண். கொ என்பது அதோடு 3018ஆம் எண்ணுக்குரிய துணைக்குறி சேர்ந்தது. க் என்பது அதோடு 3021ஆம் எண்ணுக்குரிய புள்ளி சேர்ந்தது. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று நாம் படித்த இலக்கணத்துக்கு இது நேர்மாறான வரிசை. அதன் விளைவைப் பின்னோக்கி அழிக்கும் விசையில் காணலாம். கொ என்னும் எழுத்தின் பின்னால் நின்று அதை அழுத்தினால் துணைக்குறி மட்டும் போய் க எஞ்சும். முழு எழுத்தையும் போக்க இருமுறை அழுத்த வேண்டும். பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் அதே கொ, இரண்டு தனித் துணைக்குறிகள் க எழுத்தை அடுத்து நிற்கும் வடிவிலும் சில நேரம் கிடைக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அழிக்கும்போதுதான் மூன்று முறை அழுத்த வேண்டியிருப்பது தெரியும்.

துணைக்குறிகள் 3006 முதல் 3021 வரையிலும், ஔகார நீட்டக் குறி தனியாக 3031இலும் உள்ளன. இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரே அழுத்தில் ஓர் எழுத்தை முழுமையாக அழிக்கும் கட்டளையை எழுதிவிடலாம்:

(டிஃப்வார் துணைக்குறிகள் (ஸ்ட்ரிங் 3006 45 3021 3031))

(டிஃபன் எழுத்தழி ()
  (இன்டராக்டிவ்)
  (லெட் ((முடிவு (பாயிண்ட்)))
    (ஸ்கிப்-சார்ஸ்-பேக்வர்ட் துணைக்குறிகள்)
    (பேக்வர்ட்-சார்)
    (டிலீட்-ரீஜியன் (பாயிண்ட்) முடிவு)))

முதல் வரி, கடக்க வேண்டிய குறிகளுக்குத் துணைக்குறிகள் என்று பெயர் வைக்கிறது. அதில் 45 என்பது இணைகோட்டின் எண். 3006 முதல் 3021 வரை என்னும் எல்லையை அது குறிக்கிறது. செயற்கூறு செய்வது இதுதான்: இப்போது நிற்கும் இடத்தை முடிவு என்று குறித்துக்கொள்கிறது, எத்தனை துணைக்குறிகள் இருந்தாலும் அவற்றைப் பின்னோக்கிக் கடக்கிறது, பிறகு அடிப்படை எழுத்தையும் ஓர் அடி கடக்கிறது, அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ளதை அழிக்கிறது. துணைக்குறி இல்லாத எழுத்தில் நடு வரி எதையும் செய்யாமல் விடும். அப்போதும் விடை சரியாகவே வரும். இரண்டு குறிகளாகச் சிதறிய கொகரத்தையும் இது ஒரே அழுத்தில் போக்கிவிடுகிறது. க்ஷ என்னும் கூட்டெழுத்தில் மட்டும் முதல் அழுத்தில் பின்பாதி போய் க் எஞ்சும். எனக்கு அது போதுமாக இருப்பதால் மேலும் நீட்டவில்லை.

இதை எழுதிய பின் பின்னழிப்பு விசையிலேயே பொருத்திவிட வேண்டும் என்றுதான் முதலில் எண்ணினேன். சில நாள் பழகிய பிறகு அது தவறு என்று தோன்றியது. குறில் நெடில் பிழையைத் திருத்தும்போது துணைக்குறி மட்டும் போவதே வசதி. கி என்பதைக் கீ ஆக்க, முழு எழுத்தையும் அழித்து மீண்டும் தட்ட வேண்டியதில்லை. எனவே பழைய விசையை அப்படியே விட்டுவிட்டு, எழுத்தழி கட்டளைக்குக் கன்ட்ரோல்-சி, பிறகு டி என்னும் விசையைக் கொடுத்தேன். கன்ட்ரோல்-சியை அடுத்து ஓர் எழுத்து என்னும் இணைகளைப் பயனருக்கென்றே விட்டுவைக்க வேண்டும் என்பது ஈமாக்ஸ் நிரல் எழுதுவோர் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டிய மரபு. அங்கே நாம் வைக்கும் கட்டளைகள் புதிய பதிப்பு வந்தாலும் மற்றவற்றோடு மோதுவதில்லை. 29ஆம் பதிப்பில் முன்னோக்கி அழிக்கும் கட்டளை முழு எழுத்தையும் அழிக்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது. பின்னோக்கி அழிப்பதில் பழைய முறையையே வைத்திருக்கிறார்கள்.

தேடுவதிலும் தமிழ் தன் இயல்பைக் காட்டும். தோட்டம் என்று தேடினால் தோட்டத்தில், தோட்டத்தை என்னும் வடிவங்கள் அகப்படா. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. தோட்ட என்று குறைத்துத் தேடினால் அவை அகப்படும். ஆனால் தோட்டா, தோட்டி என்னும் தொடர்பில்லாத சொற்களும் சேர்ந்து வரும், ஏனெனில் கணினிக்கு டி என்பது ட எழுத்தில் தொடங்கும் இரு குறிகளே. மலாய் ஊர்ப்பெயர்களில் வேறொரு தொல்லை. எங்கள் ஊரின் பெயரையே சிப்புட், சிபுட், சீப்புட் என்று மூன்று விதமாக ஒரே மலரில் மூன்று கட்டுரையாளர்கள் எழுதியதைக் கண்டிருக்கிறேன். மலாய் ஒலியைத் தமிழ் எழுத்தில் கொண்டுவருவதில் ஒரே வழக்கு இல்லாததால் இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மலரின் ஆசிரியர் ஒரு வடிவத்தைத் தேர்ந்த பின் மற்றவற்றை மாற்றுவது மட்டும் என் பொறுப்பு:

(டிஃபன் ஊர்ப்பெயர்-திருத்து ()
  (இன்டராக்டிவ்)
  (சேவ்-எக்ஸ்கர்ஷன்
    (கோட்டு-சார் (பாயிண்ட்-மின்))
    (வைல் (செர்ச்-ஃபார்வர்ட் "சிபுட்" நில் டி)
      (ரிப்ளேஸ்-மேட்ச் "சிப்புட்" டி டி))))

கோப்பின் தொடக்கத்துக்குப் போய், கிடைக்கும் வரை தேடி, கிடைத்த ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, முன்பு நின்ற இடத்துக்கே திரும்புவதுதான் இது. முழுச்சொல் பொருத்தத்தை இதில் வேண்டுமென்றே கேட்கவில்லை. சிபுட்டில், சிபுட்டுக்கு என்னும் வேற்றுமை வடிவங்களிலும் அடிச்சொல் அப்படியே இருப்பதால் அவையும் சேர்ந்து திருந்துகின்றன. முழுச்சொல்லாகத் தேடும் ஆங்கில முறை ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு இந்த இடத்தில் ஒத்துவராது. தேடும் வினையின் கடைசியில் உள்ள டி, கிடைக்காவிட்டால் பிழை எழுப்பாமல் அமைதியாக நின்றுவிடச் சொல்வது; அதை மறந்தால் கட்டளை எல்லாவற்றையும் மாற்றி முடித்த பின்னும் பிழைச் செய்தியோடு நிற்கும். மாற்றம் தவறாகிவிட்டால் ஒரே மீட்பு விசையில் அனைத்தும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இத்தகைய கட்டளைகளைத் தொடக்கக் கோப்பில் எழுதி ஒவ்வொரு முறையும் ஈமாக்ஸை மூடித் திறக்க வேண்டிய தேவையில்லை. அடைப்பின் முடிவில் இடஞ்சுட்டியை வைத்துக் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ என்று அழுத்தினால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அப்போதே மதிப்பிடப்பட்டு, விடை திரையின் அடியில் தோன்றும். ரஸ்ஸல் 704 கணினியில் எழுதிய அந்த மதிப்பிடும் செயலின் வழித்தோன்றல்தான் இது. ஈமாக்ஸ் திறக்கும்போதே வரும் ஸ்க்ராட்ச் என்னும் வெற்றுப் பஃபரில் எழுதிப் பார்த்து, சில நாள் பயன்படுத்திய பிறகு தகுதியானதை மட்டும் தொடக்கக் கோப்புக்கு மாற்றுவதே நல்ல வழக்கம்.

ஒரு வகைக் கோப்பைத் திறக்கும்போது மட்டும் அமைப்பு மாற வேண்டுமென்றால் அதற்குக் கொக்கிகள் இருக்கின்றன. உரைக் கோப்பு திறக்கப்படும்போது ஓட வேண்டிய செயற்கூறுகளின் பட்டியல் டெக்ஸ்ட்-மோட்-ஹுக் என்னும் மாறியில் உள்ளது. ஆட்-ஹுக் என்னும் வினையால் நம்முடையதை அதில் சேர்க்கலாம். தமிழ் உள்ளீட்டு முறையைத் தானாகவே இயக்கிக்கொள்ள நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒலிபெயர்ப்பு முறையும் இன்ஸ்கிரிப்ட் முறையும் ஈமாக்ஸில் நெடுநாளாக உள்ளன. அண்மைப் பதிப்புகளில் தமிழ்99 விசைமுறையும் சேர்ந்திருக்கிறது. முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளில் பழகிய கை எனக்கு. அந்தப் பழக்கத்தை இங்கேயும் தொடர முடிந்தது பெரும் நிறைவைத் தந்தது.

இந்த வழியில் இடர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கக் கோப்பில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் விடப்பட்டால், அந்த இடத்திலிருந்து கோப்பின் எஞ்சிய பகுதி படிக்கப்படாது. மறுநாள் காலையில் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய வேலை கையிலிருக்கும் இரவில் இப்படி நேர்ந்து, பழகிய விசைகள் ஒன்றும் இல்லாமல் திகைத்திருக்கிறேன். அப்போது, தொடக்கக் கோப்பைப் படிக்காமலேயே திறக்கும் முறை ஒன்று உண்டு என்பதும், பிழை எங்கே எழுந்தது என்று காட்டிக்கொண்டே திறக்கும் முறை இன்னொன்று உண்டு என்பதும், செக்-பேரன்ஸ் என்னும் கட்டளை பொருந்தாத அடைப்புக்குறியிடம் நேரே கொண்டுபோய் நிறுத்தும் என்பதும் எனக்குத் தெரியாது. பிறர் எழுதிய நீண்ட தொகுப்புகளை அப்படியே ஒட்டிக்கொள்வது இதைவிடப் பெரிய இடர். நமக்குப் புரியாத வரி பழுதானால் திருத்த நம்மால் இயலாது. நாள்தோறும் இருமுறையேனும் பயன்படாத எதையும் கோப்பில் வைத்திருப்பதில்லை என்று நானாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

லிஸ்பே வேண்டாம் என்பவருக்கு ஈமாக்ஸில் சரிக்குறிக் கட்டங்களும் உண்டு. கஸ்டமைஸ் என்னும் கட்டளை அவற்றைத் திறக்கும். ஆனால் அங்கே ஒரு மாற்றத்தைச் செய்து சேமித்த பின் தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்தச் சரிக்குறி ஒரு லிஸ்ப் வாக்கியமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கையால் திருத்தினால் கெட்டுப்போகலாம், கவனமாக இருக்கவும் என்னும் பொருளில் ஆங்கிலக் குறிப்பொன்றும் அதனுடன் இருக்கும். லிஸ்ப் கற்கத் தயங்கும் ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பகுதியைத்தான். தாம் இட்ட சரிக்குறி எந்த வாக்கியமாயிற்று என்று பார்த்தவுடன், அடுத்த வாக்கியத்தைத் தாமே எழுதிப் பார்க்கும் துணிவு பலருக்கு வருகிறது.

என்னுடன் தட்டெழுத்து வேலை செய்யும் பெண் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். வரை படித்தவர், கணினியைப் பாடமாகப் பயின்றதில்லை. சென்ற மலர் வேலையின்போது ஊர்ப்பெயர்-திருத்து கட்டளையைத் திறந்து பார்த்த அவர், கோட்டு-சார் தொடங்கி ரிப்ளேஸ்-மேட்ச் வரையிலான வரிகளை அப்படியே படியெடுத்து, அடைப்புக்குறி பொருந்துகிறதா என்று இருமுறை எண்ணிவிட்டு, சீப்புட் என்னும் மூன்றாவது வடிவத்தையும் அதில் சேர்த்து வைத்திருந்தார்.